வெண்கொம்பையில் எல்லோருக்கும் பச்சை

நான் கடைசியாகப் பயந்தது போன ஐப்பசியில். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதுவரை ஆயுள் பூராவும் பயந்தே வாழ்ந்தவன் நான். லிஃப்டுக்குப் பயம், தெருநாய்க்குப் பயம், பல் டாக்டருக்குப் பயம், மாமனாருக்கும் கொஞ்சம். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் துடைப்பத்தை எடுப்பது என் மனைவி வல்லிதான். நான் கட்டில்மேல் ஏறி நின்று திசை சொல்வேன்.

வல்லி கால்நடை மருத்துவர். ஆடு மாட்டோடு நிற்காமல் காட்டு விலங்குப் பக்கம் போனவள். நான் கோயம்புத்தூரில் ஆலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வாசனையைக் கண்டுபிடிக்கும் கருவிகள் செய்கிறவன். மூக்கு மேஸ்திரி என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். கோத்தகிரிக்குக் கீழே வெண்கொம்பை என்ற தேயிலை எஸ்டேட்டில், கரடிகளுக்கு வரும் ஒரு புழுத்தொற்றைக் கண்டறியும் வேலை வல்லிக்குக் கிடைத்தது. எங்கள் மகள் தாரணியையும் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள். நான் மாதம் ஒருமுறை போய்வருவது என்று ஏற்பாடு. மழையைச் சாக்காக வைத்து இரண்டு மாதமாக நான் போகவில்லை. மலைப்பாதைக்கும் எனக்குப் பயம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வல்லி போன் செய்தாள்.

"தாரணிக்குத் தொத்திருச்சுங்க. பெட்டி சிவப்பு காட்டுது."

"என்ன தொத்திருச்சு?"

"கரடிப்புழுதான். மருந்து ஆரம்பிச்சிட்டேன். வாந்தி எடுக்கறா. முடிஞ்சா வந்துட்டுப் போங்க."

கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். எனக்குக் கைகால் ஓடவில்லை. வாசலில் கிடந்ததில் ஒரு செருப்பு என்னுடையது, இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரருடையது. அப்படியே மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தப் பக்கத்துக் கரடிகளுக்குக் கோயில் விளக்கில் ஊற்றும் நல்லெண்ணெய் என்றால் உயிர். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய்க் குடித்துவிட்டு வரும். வெண்கொம்பை மாரியம்மன் கோயிலுக்குக் கதவு மாற்றி மாற்றிச் சலித்துப்போன எஸ்டேட் ஆட்கள், கோயிலுக்குப் பின்னால் ஒரு கல்தொட்டி வைத்து, விளக்கில் மிஞ்சும் எண்ணெயை அதில் ஊற்ற ஆரம்பித்தார்கள். கரடி வந்து நக்கிவிட்டுப் போகும். கதவு பிழைத்துக்கொண்டது. அதோடு விட்டார்களா என்றால் இல்லை. கரடி வாய் வைத்து மிச்சம் விட்ட எண்ணெயை நெற்றியில் தொட்டு வைத்துக்கொண்டால் கரடி அடிக்காது என்று ஒரு நம்பிக்கை கிளம்பியது. அது பிரசாதமாகிவிட்டது.

வல்லிக்கு அந்தத் தொட்டி வசதியாகப் போயிற்று. வழக்கமான புழுக்கள் என்றால் கரடியின் சாணத்தைச் சேகரித்து, நுண்ணோக்கியில் முட்டை தேடினால் தெரிந்துவிடும். இந்தப் புழு குடலில் தங்குவதில்லை. நூல் மாதிரி மெலிந்து, சுருண்டு, மூளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எச்சிலில் மட்டும் குஞ்சுகளை விடும். வல்லி அதற்குச் சுருளி என்று பேர் வைத்திருந்தாள். மூச்சில் வரும் வாசனையை வைத்துத்தான் அதைப் பிடிக்க முடியும் என்று அவள் சொல்ல, நான் ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்தால், எண்ணெய் நக்க வரும் கரடியின் மூச்சு அதில் படும். புழு இல்லையென்றால் பச்சை விளக்கு, இருந்தால் சிவப்பு. தினமும் காலையில் நோயில்லாத ஒருவர் அதில் ஊதிப் பூஜ்யம் வைக்க வேண்டும். இவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

மனிதருக்கு அந்தப் புழு ஒட்டாது என்று வல்லி சொல்லியிருந்தாள். அதனால்தான் குழந்தையை அங்கே விட்டுவைத்திருந்தேன்.

வெண்கொம்பை நிறுத்தத்தில் இறங்கியது நான் ஒருவன்தான். பஸ் போன பிறகுதான் கவனித்தேன், நிழற்குடைக்குள் சிமெண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. பின்னங்கால்களை நீட்டிப் போட்டு, முன்னங்கால்களை மடியில் வைத்திருந்தது. மோவாயிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. என்னைப் பார்த்தது. கோபம் இல்லை, ஆர்வமும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆள் இன்னொரு ஆளைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து ரோட்டைக் கடந்தேன். எஸ்டேட் மண்பாதையில் இறங்கியதும் ஓட்டம் எடுத்தேன்.

கோயிலுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு கரடிகள். தொட்டியைச் சுற்றி, கோயில் சுவரைப் பார்த்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தன. பட்டப்பகல். கரடிகள் கூட்டமாக இருக்கிற ஜாதியே இல்லை என்று வல்லி பலமுறை சொல்லியிருக்கிறாள். அவற்றுக்குக் கொஞ்ச தூரத்தில் குழாயடியில் புஷ்பராணி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வல்லியின் பக்கத்து வீடு, கொழுந்து பறிக்கும் பெண்.

"புஷ்பம்! பின்னால பாரும்மா, கரடி!"

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஆமாங்க சார், காலைலருந்து இருக்குதுங்க. டாக்டரம்மா வீட்லதான் இருக்காங்க, போங்க."

"உன் வீட்டுக்காரர் மருதை எங்க? ஆளைக் கூப்பிடு."

"அவரு கரடி பின்னாலயே சோலைக்குள்ள போனாருங்க. போயி நாளாச்சு."

"தேடலையா?"

"எதுக்குங்க சார்? வந்தா வருவாரு." சிரித்தாள். "அவருக்குன்னு தினம் சோறு எடுத்து வெச்சிடறேன். வரலைன்னா சாயங்காலம் கரடி சாப்பிட்டுக்குது."

அந்தச் சிரிப்பில் புருஷன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. ஆசையாகத்தான் சொன்னாள். பதற்றம்தான் இல்லை. நான் வல்லியின் வீட்டுக்கு ஓடினேன்.

தாரணி போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, என்னைக் கூட்டிட்டுப் போயிருங்கப்பா. இங்க பயமா இருக்கு."

"பார்த்தீங்களா? இதான் அறிகுறி," என்றாள் வல்லி, கதவருகில் நின்று. "எப்பப் பார்த்தாலும் பயம். வெளிய போகமாட்டேங்கறா, ஜன்னலைத் திறக்க விடமாட்டேங்கறா. வாங்க, முதல்ல சாப்பிடுங்க."

காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தாரணியின் கட்டிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். சூடான இட்லி, பொடி, மேலே தாராளமாக நல்லெண்ணெய். வல்லி அரைக்கும் பொடிக்கு நான் அடிமை. தாரணிக்கு இட்லிக்கு எப்போதும் சர்க்கரைதான். பொடி காரம் என்பாள், எண்ணெய் நாற்றம் என்பாள். அன்று சர்க்கரையையும் தொடவில்லை.

மருந்துப் பட்டையை எடுத்துப் பார்த்தேன். கரடிக்குக் கொடுக்கிற மாத்திரை.

"குழந்தைக்கு இதையா கொடுக்கறே?"

"பாதி பாதியா உடைச்சுத்தான். ஈரல் கொஞ்சம் பாதிக்கும். ராத்திரி அடுத்த வேளை."

"பாதிச்சா?"

"பாதிச்சாப் பார்த்துக்கலாம்." அவள் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள்.

தாரணிக்குச் சளி பிடித்தாலே என்னைத் தூங்கவிடாதவள் வல்லி. கரப்பான்பூச்சிக்குத்தான் அவள் தைரியசாலி. மகள் விஷயத்தில் என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி. நான் தட்டை நகர்த்தி வைத்தேன்.

பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். தாரணி ஊதினாள். சிவப்பு. வல்லி ஊதினாள். பச்சை. ஈரத்துணி வாளியோடு வாசலில் போன புஷ்பராணியைக் கூப்பிட்டு ஊதச் சொன்னோம். பச்சை.

"கரடிங்க?"

"எல்லாம் பச்சை! அதைச் சொல்ல மறந்துட்டேனே. மருந்து நல்லாப் பிடிச்சிருக்கு. அத்தனையும் ஒரே நாள்ல பச்சையாயிருச்சு. ரெண்டு மூணுதான் இன்னும் சிவப்பு. அதுங்க ஆளைக் கண்டா ஓடிருதுங்க. வலை வெச்சுப் பிடிக்கச் சொல்லியிருக்கேன்."

நான் ஊதினேன். சிவப்பு.

மண்டைக்குள் ஒரு நூல் சுருண்டு கிடப்பதாகவே தோன்றியது. ஆனால் பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு குணம் உண்டு. எந்தக் கெட்ட செய்தியையும் அவர்கள் ஒரே தடவையில் நம்பமாட்டார்கள், எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று துழாவுவார்கள். நான் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியவன். இரண்டு மாதமாக இந்த மலையை எட்டிப் பார்க்காதவன். எனக்கு எப்படி?

"வல்லி, பூஜ்யம் யாரு வைக்கறது?"

"நான்தான். தினமும் காபி குடிக்கறதுக்கு முன்னாடி."

அவளைக் காபி போட அனுப்பிவிட்டுத் தாரணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கடையில தராசுமேல காலிப் பாத்திரத்தை வெச்சுப் பூஜ்யம் பண்ணுவாங்கல்ல? பாத்திரத்துக்குள்ள ஏற்கெனவே ஒரு கல்லு கெடந்தா என்ன ஆகும்?"

"கல்லோட எடையும் பூஜ்யமாயிரும்."

"அப்புறம் அதே மாதிரி கல்லு இருக்கற இன்னொரு பாத்திரம் வெச்சா?"

"பூஜ்யம்தான் காட்டும்." யோசித்தாள். "கல்லு இல்லாத பாத்திரம் வெச்சாத்தான் வித்தியாசம் காட்டும்."

சொல்லி முடித்ததும் அவள் கண் அகன்றது. அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவுக்காப்பா?"

தாரணியை ஊதவைத்து அவள் மூச்சில் பூஜ்யம் வைத்தேன். பிறகு நான் ஊதினேன். பச்சை. காபி டம்ளரோடு வந்த வல்லி ஊதினாள். சிவப்பு. அழுத்தமான, அசையாத சிவப்பு. வல்லி குனிந்து பார்த்தாள்.

"ஓ, அப்ப எனக்குத்தானா? அதான் ஒரே நாள்ல எல்லாம் பச்சையாச்சா. நல்ல வேளை கண்டுபிடிச்சீங்க. காபி ஆறிடும், குடிங்க."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன். வல்லி என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"மனுஷனுக்கு ஒட்டாதுன்னு சொன்னியே."

"அப்படித்தான் நினைச்சோம். தொட்டி எண்ணெய்லதான் வந்திருக்கணும். எண்ணெய்ல அது சாகறதில்ல. எல்லாரும் நெத்தியில வெக்கறாங்க, விரல் வாய்க்குப் போகுது."

"கரடிக்கும் பயமில்ல, உங்க யாருக்கும் பயமில்ல. அது ஏன் பயத்தைத் திங்குது? அதுல அதுக்கு என்ன லாபம்?"

"பயம் இருந்தா ஒரு கரடி இன்னொரு கரடிகிட்ட ஒட்டாது. பயம் போனா எல்லாம் ஒரே தொட்டிக்கு வரும். ஒண்ணோட எச்சில் இன்னொண்ணுக்குப் போகும். அதுக்கு அவ்வளவுதான் வேணும். வேற எந்தக் கெடுதலும் பண்றதில்ல, பாவம்." கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்குங்க. உங்கமேல ஆசை, இவமேல ஆசை எல்லாம் இருக்கு. நெஞ்சில ஒரு படபடப்பு இருக்குமில்ல, அதுமட்டும் நின்னுபோச்சு. நல்லாத் தூங்கறேன்."

மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து, என் கண்ணெதிரே போடச் சொன்னேன். விட்டுவிடாமல் தொடர்ந்து போட வேண்டிய மருந்து அது. இடையில் ஒரு வேளை தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"போடறேன்," என்றாள். "நாளைக்கு."

எவ்வளவு கெஞ்சியும் அவள் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. நாளைக்கு என்றாள். மறுநாளும் நாளைக்கு என்றாள். காபியில் கரைத்துக் கொடுத்தேன். கசக்கிறது என்று சிரித்துக்கொண்டே வாஷ்பேசினில் ஊற்றினாள். ஒரு மனிதர் மருந்து சாப்பிடுவதற்குப் பின்னால் எவ்வளவு பயம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மிச்சமிருந்த மாத்திரைகளையெல்லாம் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தாரணிக்கு இனி அதைக் கொடுக்க விடமாட்டேன்.

வந்த அன்றே மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருப்பேன். மத்தியானம் பெய்த மழையில் கீழே ரோட்டில் மண் சரிந்து, பஸ் நின்றுவிட்டது. பொள்ளாச்சியில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வல்லியின் மேலதிகாரிக்கும் சொன்னேன். ரோடு திறந்ததும் ஒரு குழுவை அனுப்புவதாகச் சொன்னார்.

அந்த நாட்களில்தான் நான் முழுசாகப் பயந்தேன். எனக்காக இல்லை. அந்த எஸ்டேட்டில் பயம் என்று ஒன்று எங்கள் இருவரிடம்தான் மிஞ்சியிருந்தது. என்னிடமும் அது போய்விட்டால் குழந்தைக்கு யார்?

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் கரடிகளுக்கு நடுவே பந்து விளையாடினார்கள். ஒரு கரடி தூக்கத்தில் புரண்டபோது நகம் பட்டு ஒரு பையனுக்குத் தோள் கிழிந்தது. அவன் அழுதான், வலிதான் இருக்கிறதே. அவன் அம்மா துணி சுற்றிவிட்டு அதே கரடியின் பக்கத்தில் அவனைத் திரும்ப உட்காரவைத்தாள். நான் போய்க் கத்தினேன். எல்லோரும் என்னை அன்பாகப் பார்த்தார்கள். ஒருவர் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

தாரணியோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டேன். தினமும் காலையில் அவள் மூச்சில் பூஜ்யம் வைத்து, அவள் கண்முன்னால் நான் ஊதுவேன்.

"என்னிக்காவது எனக்குச் சிவப்பு வந்துச்சுன்னா, அதுக்கப்புறம் நான் சொல்றது எதையும் கேக்காதே. நான் 'இருக்கலாம், போகவேண்டாம்'னு சொல்லுவேன். கேக்காதே. பஸ் வந்ததும் ஏறிடு. அத்தை கோத்தகிரில வந்து நிப்பா."

"நீங்க மாத்திரை போட்டுக்குவீங்கல்ல?"

"உடனே போட்டுக்குவேன். சத்தியமா."

கோயில் இருக்கும் திசைக்கே நான் போகவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் தோல் உரிந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தேன். புஷ்பராணி திருநீறு கொடுத்தால்கூட வாங்கவில்லை. ஒரு தொற்றிலிருந்து தப்பிக்க ஒரு கோழை என்னென்ன செய்ய முடியுமோ எல்லாம் செய்தேன். காலையில் வல்லியின் இட்லி, பொடி, எண்ணெய். அது ஒன்றுதான் அந்த வீட்டில் எனக்கு ஆறுதலாக இருந்தது. தாரணியும் மருந்து நின்றதில் தேறிவந்து, சர்க்கரை தொட்டு இரண்டு இட்லி சாப்பிட ஆரம்பித்தாள்.

தினமும் பச்சை வந்தது. மழை தொடர்ந்தது. ஒரு மத்தியானம் நாற்காலியிலேயே அசந்து தூங்கினேன். எழுந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு கரடியின் முகம் இருந்தது. கண்ணாடியில் அதன் மூச்சு ஆவியாகப் படிந்து மறைந்தது. நான் திரைச்சீலையை மெல்ல இழுத்துவிட்டேன். பழகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ரோடு திறந்த அன்று காலை ஊதினேன். சிவப்பு.

தாரணி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, மாத்திரை போட வேண்டும் என்று நினைத்தேன். நன்றாக நினைவிருக்கிறது, தெளிவாக நினைத்தேன். கால் நகம் வெட்ட வேண்டும் என்று நினைப்பதைப் போல.

"கோயில் பக்கமே போகலையே வல்லி. எப்படி வந்திருக்கும்?" என்று கேட்டேன்.

வல்லி தோசைத்திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள். "எண்ணெய் டின்னா இருக்குமோ? கோயில்ல பூசாரி தொட்டி எண்ணெய் ஒரு கரண்டி கொடுப்பாரு. புது டின் பிரிச்சா அதுக்குள்ள இதைக் கொஞ்சம் ஊத்திக்கறது இங்க வழக்கம். எல்லா வீட்லயும் ஊத்துவாங்க, அம்மன் காப்பாத்தும்னு. தாளிச்சா செத்துரும். பச்சையா ஊத்திக்கறது பொடிக்குத்தான்."

தட்டைப் பார்த்தேன். பொடியில் குழித்து ஊற்றிய எண்ணெய் பளபளத்தது. இரண்டு இட்லி மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று சாப்பிட்டேன்.

தாரணி என்னைப் பார்த்தபடி எழுந்து நின்றாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருப்பதைப் பார்க்கும் முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, மாத்திரை."

"போட்டுக்கறேன்மா. கிளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வாக்குக் கொடுத்தது நினைவிருந்ததால் கூட்டிக்கொண்டுதான் போனேன். வல்லி மகளுக்குத் தலை சீவி, ஸ்வெட்டர் மாட்டி, நெற்றியில் முத்தம் கொடுத்தாள். தாரணி மூச்சை அடக்கிக்கொண்டு அதை வாங்கினாள். மூடுபனி இறங்கியிருந்தது. மண்பாதையின் இரண்டு பக்கமும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கரடிகளின் தலைகள் தெரிந்தன. எஸ்டேட் ஆட்களில் சிலரும் அவற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். தாரணியின் விரல்கள் என் கையை நொறுக்கிவிடுவதைப் போலப் பிடித்திருந்தன.

நிழற்குடையில் அதே கரடி. பெஞ்சில் இடம் இருந்தது. நான் உட்கார்ந்தேன். தாரணி ரோட்டின் நடுவிலேயே மழையில் நின்றாள்.

"நனையாதேம்மா, உள்ள வா."

"வேண்டாம்ப்பா. எழுந்து வாங்க. அப்பா, எழுந்து வாங்கப்பா. பயமா இருக்கு."

"எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

சமாதானத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். பக்கத்தில் கரடி கனமாக மூச்சு விட்டது, ஈரக் கம்பளி வாசனை அடித்தது, மலை அமைதியாக இருந்தது. இதில் என்ன பயம் என்று எனக்கு விளங்கவில்லை. போன வாரம் விளங்கியது. எப்படி விளங்கியது என்பதுதான் விளங்கவில்லை.

பஸ் வந்தது. தாரணி ஓடிவந்து என் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து என் வாயருகே நீட்டினாள். அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"வெறும் வாயில எப்படிம்மா? தண்ணியோட போட்டுக்கறேன். இப்ப ஏன் அவசரமாப் போகணும்? அம்மா மத்தியானம் பிரியாணி பண்றாளாம். இருந்துட்டு நாளைக்குப் போலாமே."

தாரணி என் கையை விட்டாள். அழுதுகொண்டே படியில் ஏறினாள். நான் சொல்வதைக் கேட்காதே என்று சொன்னதும் நான்தானே. பஸ் வளைவில் திரும்பும்வரை பின்கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

அதிகாரி சொன்ன குழு பிறகு வந்தது. நல்ல மனிதர்கள். முகமூடி, கையுறை எல்லாம் போட்டிருந்தார்கள். முதல் நாள் ரொம்பப் பயந்தார்கள். மழையில் வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா, டிபன் கொடுத்தோம். எண்ணெய் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். பேச்சில் விட்டுப்போனது. இப்போது அவர்களில் இரண்டு பேர் புஷ்பராணி வீட்டுக்குப் பின்னால்தான் தங்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் சந்தோஷமாக ஊருக்குத் திரும்பினார்கள். போகும்போது கோயிலிலிருந்து ஆளுக்கு ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கிப் போனார்கள்.

தாரணி ஞாயிற்றுக்கிழமைகளில் பொள்ளாச்சியிலிருந்து போன் செய்கிறாள்.

"மாத்திரை போட்டீங்களாப்பா?"

"இன்னும் இல்லம்மா."

"அம்மா?"

"அம்மாவும்தான்."

அவள் அழுவது கேட்கும். அவள் அழுதால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தடவுவதைப் போல, பதற்றம் இருந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று வேண்டுமென்றே நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க முடிகிறது. மேலே ஒன்றும் வருவதில்லை. அவள் போனை வைத்த பிறகு நானும் வல்லியும் வாசல்படியில் உட்காருவோம். சில நாள் கரடியும் வரும். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்போம்.

மாத்திரையெல்லாம் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. தாரணிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், கண்டிப்பாகப் போட்டுக்கொள்ள வேண்டும். நாளைக்கு ஆரம்பிக்கலாம்.